தானுந்து ஸ்நோர்க்கல்

தானுந்து ஸ்நோர்க்கல் அல்லது உயர்த்திய காற்றுக்குழாய் என்பது ஓர் ஊர்தியின் உள்ளெரி பொறிக்குத் தேவையான காற்றை, பானெட்டுக்கு உள்ளிருந்து எடுக்காமல், ஊர்திக் கூரையின் உயரத்திலிருந்து எடுத்துவரப் பயன்படும் குழாய் ஆகும். ஜீப் போன்ற நான்கு சக்கர இயக்க ஊர்திகளில் இது பெரும்பாலும் பொருத்தப்படுகிறது. ஆற்றுக் கடவுகள், வெள்ளம் தேங்கிய சாலைகள் ஆகியவற்றைக் கடக்கும்போது பொறிக்குள் நீர் புகாமல் தடுப்பதும், மண் சாலைகளில் தூசு குறைந்த காற்றைப் பெறுவதும் இதன் முதன்மைப் பயன்கள். தொழிற்சாலைகளில் நெகிழியால் வார்க்கப்பட்ட ஸ்நோர்க்கல்கள் விற்கப்படுகின்றன. இவற்றைத் தவிர, உள்ளூர்ப் பட்டறைகளில் இரும்பு, துருவேறா எஃகு, அலுமினியம் ஆகிய உலோகக் குழாய்களைக் கொண்டோ, பி.வி.சி. முதலிய நெகிழிக் குழாய்களைக் கொண்டோ இவை செய்யப்படுகின்றன. இவ்விரு வகைப் பட்டறைத் தயாரிப்புகளுள் எது ஏற்றது என்பதைத் திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியின் தட்பவெப்பத்தையும் சாலைகளையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

பெயர்

ஸ்நோர்க்கல் என்பது ஜெர்மன் மொழிச் சொல்லிலிருந்து வந்தது. மூக்கு, குறட்டை ஆகிய பொருள்களுடைய வட்டாரச் சொற்களுடன் இது தொடர்புடையது. நீர்மூழ்கிக் கப்பல்களின் காற்றுக்குழாயைக் குறிக்க முதலில் வழங்கிய இச்சொல், பின்னர் நீச்சல் வீரர்கள் வாயில் கவ்வும் குழாய்க்கும், ஊர்திகளின் காற்றுக்குழாய்க்கும் பரவியது. தமிழ்நாட்டு மெக்கானிக்குகளிடையேயும் ஸ்நோர்க்கல் என்ற பெயரே வழக்கில் உள்ளது.

வரலாறு

நீர்மூழ்கிக் கப்பலின் டீசல் பொறியை நீருக்கடியிலேயே இயக்குவதற்கான காற்றுக்குழாயை 1930களில் டச்சுக் கடற்படை அதிகாரியான யான் யாகோப் விச்சர்ஸ் உருவாக்கினார். 1940இல் நெதர்லாந்து செர்மனியிடம் வீழ்ந்தபோது இத்தொழில்நுட்பம் செர்மானியர் கைக்குச் சென்றது. 1943 முதல் அவர்கள் தம் நீர்மூழ்கிகளில் இதனைப் பொருத்தத் தொடங்கினர்.

நிலத்தில் செல்லும் ஊர்திகளில் இம்முறை இரண்டாம் உலகப் போரின்போது பரவலானது. 1944 சூன் 6 அன்று நார்மண்டிக் கரையில் இறங்கிய நேச நாட்டுப் படைகளின் பீரங்கி வண்டிகளும் ஜீப்புகளும் கடல்நீரைக் கடந்து கரையேற வேண்டியிருந்தது. அதற்காக அவற்றின் காற்று நுழைவாய்களும் புகைப்போக்கிகளும் குழாய்கள் மூலம் உயர்த்தப்பட்டன. போருக்குப் பின் சோவியத் ஒன்றியம் ஆற்றின் அடியிலேயே ஊர்ந்து செல்லும் பீரங்கி வண்டிகளை உருவாக்கியது. சென்னைக்கு அருகிலுள்ள ஆவடி கனரக ஊர்தித் தொழிற்சாலையில் உருவாக்கப்பட்ட டி-72 வகை அஜேயா, டி-90 வகை பீஷ்மா ஆகிய பீரங்கி வண்டிகள், ஸ்நோர்க்கல் பொருத்திய நிலையில் சுமார் 5 மீட்டர் ஆழமுள்ள நீரைக் கடக்க வல்லவை.

பொதுமக்களின் ஊர்திகளில் ஸ்நோர்க்கல் பரவியதற்கு ஆத்திரேலியாவின் உள்நாட்டுப் பயணங்கள் முக்கியக் காரணமாகும். அங்கு நீரைவிடத் தூசே பெரிய சிக்கலாக இருந்தது. இந்தியாவில் மகிந்திரா ஜீப்புகள், 1985இல் அறிமுகமான மாருதி ஜிப்சி, 2010இல் அறிமுகமான மகிந்திரா தார் ஆகியவற்றின் உரிமையாளர்கள் பலர் பட்டறைகளில் ஸ்நோர்க்கல் பொருத்திக்கொண்டனர். ஃபோர்ஸ் கூர்க்கா ஊர்தியில் ஸ்நோர்க்கல் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வருகிறது. 2021இல் வெளிவந்த கூர்க்காவின் நீர் கடக்கும் ஆழம் 700 மி.மீ. எனவும், ஸ்நோர்க்கல் இல்லாத 2020ஆம் ஆண்டுத் தாரின் ஆழம் 650 மி.மீ. எனவும் அவற்றின் தயாரிப்பாளர்கள் அறிவித்தனர். இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு 50 மி.மீ. மட்டுமே என்பது கவனிக்கத்தக்கது. ஓர் ஊர்தி கடக்கக்கூடிய ஆழத்தைக் காற்றுக்குழாய் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதை இது காட்டுகிறது.

தேவை: நீர்ப்பூட்டு

காற்றை அழுத்தினால் அதன் கனவளவு குறையும். நீரை அழுத்தினால் குறையாது. பொறியின் உருளைக்குள் நீர் புகுந்தால், மேலெழும் பிஸ்டன் அந்நீரை அழுத்த முடியாமல் திடீரென நிற்கிறது. அப்போது இணைப்புத் தண்டு வளைகிறது அல்லது உடைந்து பொறியின் உடலையே துளைத்து வெளிவருகிறது. இந்நிலை நீர்ப்பூட்டு எனப்படும்.

இதற்கு எவ்வளவு நீர் தேவை என்பதை எளிய கணக்கால் அறியலாம். நான்கு உருளைகள் கொண்ட 2.5 லிட்டர் டீசல் பொறியில் ஓர் உருளையின் பெயர்ச்சிக் கனவளவு சுமார் 625 மி.லி. ஆகும். அமுக்க விகிதம் 18 எனில், பிஸ்டன் மேல் எல்லையை அடையும்போது எஞ்சும் இடம் 625ஐ 17ஆல் வகுக்கக் கிடைக்கும் சுமார் 37 மி.லி. மட்டுமே. அதாவது, ஒரு சிறு தேநீர்க் குவளையில் பாதிக்கும் குறைவான நீர் ஓர் உருளைக்குள் சென்றாலே பொறி பழுதாகிவிடும். டீசல் பொறிகளில் அமுக்க விகிதம் உயர்வாக இருப்பதால் இந்த இடம் உருளையின் அளவோடு ஒப்பிடுகையில் மிகச் சிறியதாகிறது.

2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் மிக்சாம் புயலின்போதும் வெள்ளத்தில் நின்ற ஊர்திகள் பலவற்றில், நீர் வடிந்தபின் சாவியைத் திருப்பியதே பொறியின் முறிவுக்குக் காரணமாயிற்று. வழக்கமான காப்பீட்டில் நீர்ப்பூட்டால் நேரும் பொறிப் பழுது பெரும்பாலும் சேர்வதில்லை. பொறிப் பாதுகாப்பு என்னும் கூடுதல் காப்பு பெற்றிருந்தால் மட்டுமே இழப்பீடு கிடைக்கும்.

ரமணாசிரமம் பகுதியின் சூழல்

ரமணாசிரமம் அருணாசலேசுவரர் கோயிலிலிருந்து சுமார் 2 கி.மீ. தொலைவில், செங்கம் சாலையில், அண்ணாமலையின் தெற்கு அடிவாரத்தில் அமைந்துள்ளது. சுமார் 14 கி.மீ. நீளமுள்ள கிரிவலப் பாதையின் ஒரு பகுதியாக இச்சாலை உள்ளது. ஆசிரமத்தை ஒட்டிப் பாலாக்கொத்து தீர்த்தமும், தெற்கே சமுத்திரம் ஏரியும் உள்ளன. மலையில் பெய்யும் மழை குறுகிய நேரத்தில் ஓடைகள் வழியாகச் சாலையைக் கடந்து இந்நீர்நிலைகளை நோக்கி ஓடுவது இப்பகுதியின் நில அமைப்பு.

இங்கு ஆண்டின் பெரும்பகுதி வறண்ட வெயிலும் தூசும் நிலவுகின்றன. ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம் 40 பாகை செல்சியசை நெருங்குகிறது. வடகிழக்குப் பருவமழையின்போது மட்டும் சில நாட்கள் கடும் மழை பெய்கிறது. கார்த்திகைத் தீபத் திருவிழாவும் இதே பருவத்தில்தான் வருகிறது.

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் மெதுவாக உள்நோக்கி நகர்ந்ததால் திருவண்ணாமலை, விழுப்புரம், கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மிகக் கடும் மழை பெய்தது. டிசம்பர் 1 அன்று அண்ணாமலையின் சரிவில் ஏற்பட்ட நிலச்சரிவில், வ. உ. சி. நகரில் ஒரு வீடு புதையுண்டு ஏழு பேர் உயிரிழந்தனர். சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறந்துவிடப்பட்டதால் தென்பெண்ணைக் கரையோர ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின.

நான்கு சக்கர இயக்க ஊர்திகளின் பயன்பாடு இம்மாவட்டத்தில் நகரத்தைவிட மலைப்பகுதிகளிலேயே மிகுதி. ஜமுனாமரத்தூரை மையமாகக் கொண்ட ஜவ்வாது மலையின் சிற்றூர்களுக்கும், அண்டை மாவட்டத்திலுள்ள கல்வராயன் மலைக்கும் செல்லும் மண் பாதைகளில் இவை ஓடுகின்றன. ஆகவே இப்பகுதி ஊர்திக்குத் தூசு ஆண்டு முழுவதும் உள்ள சிக்கல். நீர் ஆண்டில் சில நாட்களுக்கு மட்டும் வரும், ஆனால் மிகக் கடுமையாக வரும் சிக்கல்.

பட்டறைத் தயாரிப்பு வகைகள்

உலோகக் குழாய்: சைலன்சர் பட்டறைகளில் எளிதில் கிடைக்கும் இரும்புக் குழாயே பெரும்பாலும் பயன்படுகிறது. 76 மி.மீ. வெளிவிட்டமும் 1.6 மி.மீ. தடிமனும் கொண்ட இரும்புக் குழாய் மீட்டருக்குச் சுமார் 3 கி.கி. எடையுள்ளது. வளைவுகள் குழாயை வளைத்தோ, சாய்வாக வெட்டிய துண்டுகளைப் பற்றவைத்தோ உருவாக்கப்படுகின்றன. துருவேறா எஃகுக்கும் அலுமினியத்துக்கும் ஆர்கான் வெல்டிங் தேவை. துருவேறா எஃகின் எடை ஏறத்தாழ இரும்புக்குச் சமம். அதே அளவுள்ள அலுமினியக் குழாய் மீட்டருக்குச் சுமார் 1 கி.கி. மட்டுமே. அலுமினியத்தை இரும்பு மட்கார்டுடன் நேரடியாகப் பொருத்தினால், ஈரம் படும் இடங்களில் மின்வேதி அரிப்பு ஏற்படும். இடையில் ரப்பர்த் தகடு வைப்பது அவசியம்.

நெகிழிக் குழாய்: வேளாண்மைக்குப் பயன்படும் சாம்பல் நிறப் பி.வி.சி. குழாய்கள் எல்லாச் சிற்றூர்களிலும் 63, 75, 90, 110 மி.மீ. அளவுகளில் கிடைக்கின்றன. இவற்றுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 4985 ஆகும். அறுப்பதற்கு ஓர் இரம்பமும் ஒட்டுவதற்குப் பசையும் போதும் என்பதால் வீட்டிலேயே செய்யலாம். கழிவுநீருக்கான மெல்லிய குழாய்கள் இதற்குப் பொருந்தா. அவற்றுள் பல, ரப்பர் வளையம் வைத்துச் செருகும் இணைப்புடையவை. அதிரும் ஊர்தியில், உறிஞ்சு விசையின்கீழ் இவ்விணைப்புகள் காற்றுப்புகாமல் இருக்கும் என எதிர்பார்க்க இயலாது. எச்.டி.பி.இ. குழாய் பி.வி.சி.யைவிட அடிதாங்கும் தன்மையுடையது. ஆயினும் அதைப் பசையால் ஒட்ட முடியாது; வெப்பத்தால் உருக்கியே இணைக்க வேண்டும்.

தொழிற்சாலையில் செய்யப்படும் தரமான ஸ்நோர்க்கல்கள் சுழல் வார்ப்பு முறையில், புற ஊதாக் கதிரைத் தாங்கும் பொருள் கலந்த பாலிஎத்திலீனால் செய்யப்படுகின்றன. நீரில் மூழ்கும் பகுதியில் இவற்றுக்கு ஒட்டு இல்லை. பட்டறைக் குழாய்களுக்கும் இவற்றுக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு இதுவே.

ஒப்பீடு

வெப்பம்

உலோகக் குழாய் வெயிலில் சுடுவதால் பொறிக்குச் சூடான காற்று சென்று ஆற்றல் குறையும் என்பது பரவலான கருத்து. ஆற்றல் கணக்கு இதற்கு மாறான முடிவைத் தருகிறது. 1.2 மீட்டர் நீளமும் 76 மி.மீ. விட்டமும் கொண்ட குழாயின் மீது வெயில் படும் பரப்பு சுமார் 0.09 சதுர மீட்டர். நண்பகல் வெயிலின் அளவு சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட். எனவே குழாய் பெறக்கூடிய வெப்பம் அதிகம் போனால் 90 வாட். 2.5 லிட்டர் பொறி நிமிடத்திற்கு 3000 சுற்றில் ஓடும்போது வினாடிக்குச் சுமார் 62 லிட்டர், அதாவது ஏறத்தாழ 70 கிராம் காற்றை இழுக்கிறது. இக்காற்றை ஒரு பாகை சூடாக்கவே சுமார் 70 வாட் தேவை. ஆகவே வெயிலின் வெப்பம் முழுவதும் காற்றுக்கே சென்றாலும் உயர்வு 1.3 பாகைக்கு மேல் போகாது. நின்றபடி மெதுவாக ஓடும்போது காற்றின் அளவு குறைவதால் இது 5 பாகை வரை செல்லலாம். அந்நிலையில் ஆற்றல் தேவைப்படுவதில்லை. பானெட்டுக்கு உள்ளிருக்கும் காற்று வெளிக்காற்றைவிடப் பல பாகைகள் சூடானது என்பதால், எப்பொருளால் ஆன ஸ்நோர்க்கலும் வெப்ப வகையில் நன்மையே செய்யும்.

வெப்பத்தால் உண்மையில் பாதிக்கப்படுவது நெகிழியே ஆகும். பி.வி.சி. சுமார் 80 பாகையில் இளகத் தொடங்குகிறது. வெளியே வெயிலில் இந்த அளவு எட்டப்படுவதில்லை. ஆனால் புகைப்போக்கிக் குழாய்க்கு அருகில் பானெட்டுக்குள் இதைவிட மிகுந்த வெப்பம் உண்டு. இளகிய குழாய் உறிஞ்சு விசையால் உள்நோக்கி நசுங்கும். எனவே பானெட்டுக்குள் செல்லும் பகுதிக்குப் பி.வி.சி. பயன்படுத்தக் கூடாது, நூலிழையால் வலுவூட்டப்பட்ட ரப்பர் அல்லது சிலிக்கோன் ஹோஸே ஏற்றது.

விரிவும் சுருக்கமும்

இரவுக்கும் நண்பகலுக்கும் இடையே குழாயின் வெப்பநிலை 40 பாகை மாறினால், ஒரு மீட்டர் இரும்புக் குழாய் அரை மி.மீ. அளவும், பி.வி.சி. குழாய் சுமார் 2.5 மி.மீ. அளவும், பாலிஎத்திலீன் குழாய் சுமார் 6 மி.மீ. அளவும் நீள்கின்றன. நெகிழிக் குழாயை இரு முனைகளிலும் இறுக்கிப் பொருத்தினால், நாளடைவில் ஒட்டுகளில் விரிசல் தோன்றும். ஒரு முனையில் நெகிழும் ஹோஸ் வைப்பதே இதற்குத் தீர்வு.

வெயிலும் துருவும்

வெயிலின் புற ஊதாக் கதிரால் பி.வி.சி. குழாயின் மேற்பரப்பு நிறம் மங்கி, அடிதாங்கும் வலு குறைகிறது. பெயின்ட் அடிப்பதால் இது பெருமளவு தடுக்கப்படுகிறது. இரும்புக் குழாய் துருப்பிடிக்கும். எனினும் திருவண்ணாமலை கடலிலிருந்து தொலைவில் உள்ளதால், சென்னை, கடலூர் போன்ற கடலோர ஊர்களைவிட இங்குத் துரு மெதுவாகவே பரவும். வெளிப்புறத்தைவிட உட்புறமே கவலைக்குரியது. பற்றவைத்த இடங்களின் உட்பக்கத்தில் பெயின்ட் சேராது. அங்கிருந்து உதிரும் துருத்தூளும் வெல்டிங் துகள்களும் காற்று வடிகட்டியில் தங்கிவிடும் என்பதால் உடனடித் தீங்கு இல்லை. ஆனால் வடிகட்டிக்குப் பின்னுள்ள குழாய்க்கு இரும்பைப் பயன்படுத்தினால் அத்துகள்கள் நேரே பொறிக்குள் செல்லும். எனவே வடிகட்டிக்குப் பின் உள்ள பகுதியில் தயாரிப்பாளர் தந்த குழாயை மாற்றாமல் விடுவதே முறை.

எடையும் அதிர்வும்

இரண்டு மீட்டர் இரும்புக் குழாய் சுமார் 6 கி.கி. எடையுள்ளது. மண் சாலையின் குலுக்கலில் இவ்வெடை மட்கார்டின் மெல்லிய தகட்டைத் தொடர்ந்து இழுப்பதால், திருகாணித் துளைகளைச் சுற்றித் தகடு விரிகிறது. தகட்டின் உட்புறம் தடித்த பட்டை வைத்து எடையைப் பரப்ப வேண்டும். முன்கண்ணாடித் தூணிலும் ஒரு பிடிப்பு தேவை. பி.வி.சி. குழாய் மீட்டருக்குச் சுமார் 1 கி.கி. மட்டுமே என்பதால் இச்சிக்கல் குறைவு.

அடியும் மோதலும்

மலைப்பாதைகளில் மரக்கிளைகள் குழாயில் மோதுவது வழக்கம். பாலிஎத்திலீன் வளைந்து மீளும், பி.வி.சி. உடையும், இரும்பு நசுங்கும் அல்லது மோதலின் விசையை முன்கண்ணாடித் தூணுக்குக் கடத்தும். கிரிவலப் பாதையில் மற்றொரு கருத்தும் உண்டு. பௌர்ணமி நாட்களில் இலட்சக்கணக்கானோர் நடந்து செல்லும் சாலை இது. மற்ற நாட்களிலும் நடப்போர் மிகுதி. ஊர்தியின் பக்கவாட்டில் துருத்தி நிற்கும் உலோகக் குழாயின் கூரான வெட்டுமுனைகள் நடப்போருக்குக் காயம் விளைவிக்கும். விளிம்புகளை உருட்டி முடிப்பது உலோகத் தயாரிப்பில் கட்டாயம்.

காற்றோட்டம்

குழாய் எதனால் ஆனது என்பதைவிட அதன் விட்டமே காற்றோட்டத்தைத் தீர்மானிக்கிறது. மேற்கூறிய பொறிக்கு 76 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயில் காற்றின் வேகம் வினாடிக்குச் சுமார் 14 மீட்டர். 51 மி.மீ. குழாயில் அதுவே 31 மீட்டர் ஆகிறது. அழுத்த இழப்பு வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், சிறிய குழாயில் இழப்பு ஐந்து மடங்காக உயர்கிறது. டர்போ பொருத்திய பொறிகள் இன்னும் கூடுதலான காற்றை இழுப்பதால் அவற்றுக்கு மேலும் அகன்ற குழாய் தேவை. பி.வி.சி. குழாய்களுக்கான குறுகிய எல்போக்கள் காற்றைத் தடுக்கும். கடையில் கிடைக்கும் நீண்ட வளைவுகளே ஏற்றவை. காற்றுப் பெட்டியின் நுழைவாயைவிட எவ்விடத்திலும் குழாய் குறுகக் கூடாது என்பது பொது விதி.

இணைப்புகளும் சோதனையும்

ஸ்நோர்க்கல் பழுதுபடுவது பெரும்பாலும் குழாயின் நடுவில் அன்று, இணைப்புகளில்தான். 60 செ.மீ. ஆழத்தில் மூழ்கிய ஓர் இணைப்பில் 3 மி.மீ. விட்டமுள்ள துளை இருப்பின், நீரின் அழுத்தத்தால் மட்டும் வினாடிக்குச் சுமார் 15 மி.லி. நீர் உட்புகும். பொறியின் உறிஞ்சு விசை இதை மேலும் கூட்டும். ஓர் உருளையைப் பூட்டத் தேவையான 37 மி.லி. நீர் மூன்று வினாடிக்குள் சேர்ந்துவிடும். அந்நீர் முதலில் காற்றுப் பெட்டியில் தங்கும் என்றாலும், கடவு நீளமாக இருந்தால் பெட்டி நிறைந்து பொறியை எட்டும்.

தொழிற்சாலைக் காற்றுப் பெட்டிகளின் அடியில் மழைநீரை வெளியேற்ற ஒரு துளையோ ரப்பர் வால்வோ இருக்கும். ஸ்நோர்க்கல் பொருத்தும்போது இதை அடைக்காவிட்டால், கூரை உயரத்தில் குழாய் இருந்தும் பயனில்லை. பெட்டியின் மூடி, வடிகட்டியின் ரப்பர் விளிம்பு, ஹோஸ் கிளாம்புகள் ஆகியனவும் நீர்புகா வண்ணம் இருத்தல் வேண்டும்.

இதைச் சோதிக்க எளிய முறை ஒன்று உண்டு. ஊர்தி அசையாமல் நிற்க, பொறி மெதுவாக ஓடும்போது குழாயின் தலையைக் கழற்றி, வாயைத் தட்டையான ரப்பர்த் தகட்டால் மூட வேண்டும். எங்கும் கசிவு இல்லையெனில் பொறி சில வினாடிகளில் திணறி நின்றுவிடும். தொடர்ந்து ஓடினால் வேறு வழியாகக் காற்று செல்கிறது என்று பொருள். காற்று செல்லும் வழியில் நீரும் செல்லும். மென்மையான ஹோஸ்கள் நசுங்கக்கூடும் என்பதால் வாயை நீண்ட நேரம் மூடி வைக்கலாகாது. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில், பருவமழைக்கு முன், இச்சோதனையை மீண்டும் செய்வது நல்லது.

குழாயின் தலை

முன்னோக்கிய தலை ஓட்டத்தின்போது காற்றை எளிதில் பெறும். இதனுள் புகும் மழைத்துளிகளை வெளியேற்றப் பின்புறம் சிறு பிளவுகள் இருக்க வேண்டும். தூசு மிகுந்த பாதைகளுக்குச் சுழல்முறை முன்வடிகட்டி பொருத்தப்படுகிறது. இது காற்றைச் சுழலச் செய்து, எடை மிகுந்த துகள்களைக் கண்ணாடிக் கிண்ணத்திலோ வெளியிலோ தள்ளுகிறது. டிராக்டர்களில் இதனைக் காணலாம். ஜவ்வாது மலை, கல்வராயன் மலை போன்ற மண் பாதைகளில், முன்செல்லும் ஊர்தி எழுப்பும் புழுதியில் பெரும்பகுதி சக்கர உயரத்திலேயே தங்குவதால், காற்றைக் கூரை உயரத்திலிருந்து எடுப்பதே வடிகட்டியின் ஆயுளைக் கூட்டும்.

ஏற்ற தெரிவு

மேற்கண்டவற்றின் அடிப்படையில் பின்வருமாறு தொகுக்கலாம்:

- தூசுக்காக மட்டும் பொருத்துவோர்க்குப் பெயின்ட் அடித்த பி.வி.சி. குழாய் போதுமானது. செலவு குறைவு, உடைந்தால் மாற்றுவது எளிது.
- நீரைக் கடக்க வேண்டியவர்களுக்கு, ஒட்டுகள் குறைவாக உள்ள உலோகக் குழாய் பி.வி.சி.யைவிட நம்பத்தக்கது. துருவேறா எஃகு சிறந்தது. இரும்பாயின் உட்புறத்தையும் கவனிக்க வேண்டும்.
- மரக்கிளைகள் மிகுந்த காட்டுப்பாதைக்கு வளைந்து மீளும் பாலிஎத்திலீன் ஏற்றது. இதை வீட்டில் செய்வது கடினம் என்பதால் தொழிற்சாலைத் தயாரிப்பே வழி.
- எல்லா வகையிலும் பானெட்டுக்குள் வலுவூட்டிய ஹோஸும், மூழ்கும் பகுதியில் இயன்றவரை குறைந்த இணைப்புகளும் இருத்தல் வேண்டும்.

சட்ட நிலை

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்பிலிருந்து மாறுபடும் வகையில் ஊர்தியை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. கேரளத்தைச் சேர்ந்த ஒரு வழக்கில், 2019 சனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இப்பிரிவின் தடையை உறுதி செய்தது. அதே ஆண்டு கொண்டுவரப்பட்ட திருத்தத்தின் 182அ பிரிவு, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வகை செய்கிறது. தொழிற்சாலையிலேயே ஸ்நோர்க்கலுடன் ஒப்புதல் பெற்ற ஊர்திக்கு இச்சிக்கல் இல்லை. பின்னர் பொருத்துவோர், உலோகமாயினும் நெகிழியாயினும், முன்கூட்டியே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிவதும், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவிப்பதும் தேவை. மட்கார்டில் பெரிய துளை இடுவதால் தயாரிப்பாளரின் உத்தரவாதமும் பாதிக்கப்படலாம்.

வரம்புகள்

ஸ்நோர்க்கல் பொறியின் காற்று வழியை மட்டுமே காக்கிறது. முன்பின் அச்சுகள், கியர்பெட்டி ஆகியவற்றின் மூச்சுக்குழாய்கள் தாழ்வாக இருந்தால், நீரில் இறங்கியவுடன் குளிரும் அச்சுப்பெட்டி நீரை உள்ளிழுக்கும். எண்ணெய் பால் நிறமாக மாறுவது இதன் அறிகுறி. கிளட்ச், ஆல்டர்னேட்டர், மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியனவும் நீரால் பாதிக்கப்படும்.

இவை அனைத்தையும்விட முக்கியமானது மிதப்பு விசை. சுமார் 3.5 மீட்டர் நீளமும் 1.6 மீட்டர் அகலமும் கொண்ட ஊர்தியின் அடித்தளத்துக்கு மேல் நீர் ஒவ்வொரு 10 செ.மீ. உயரும்போதும், உள்ளே நீர் புகாத நிலையில், சுமார் 560 கி.கி. எடை குறைந்ததுபோல் ஆகிறது. 1700 கி.கி. எடையுள்ள ஜீப், அடித்தளத்துக்கு மேல் 30 செ.மீ. நீரிலேயே ஏறத்தாழ மிதக்கத் தொடங்கும். அப்போது சக்கரங்களுக்குப் பிடிப்பு இல்லை; ஓடும் நீர் ஊர்தியை இழுத்துச் செல்லும். கூரை உயரத்தில் காற்றுக்குழாய் இருப்பது கூரை உயர நீரைக் கடக்கலாம் என்று பொருள்படாது. 2024 டிசம்பரில் தென்பெண்ணையில் ஓடியது போன்ற வெள்ளத்தில், எப்பொருளால் ஆன ஸ்நோர்க்கலும் ஊர்தியையோ அதில் இருப்போரையோ காக்க இயலாது.

எனவே தேங்கிய நீராயின் முதலில் கோலால் ஆழம் அறிந்து, தயாரிப்பாளர் குறிப்பிட்ட ஆழத்துக்குள் மட்டும், சீரான மெதுவேகத்தில் கடக்க வேண்டும். நடுவில் பொறி நின்றுவிட்டால் மீண்டும் இயக்க முயலாமல், ஊர்தியை வெளியே இழுத்து, காற்றுப் பெட்டியைத் திறந்து வடிகட்டி ஈரமாக உள்ளதா எனப் பார்க்க வேண்டும். ஈரமிருந்தால், டீசல் பொறியில் இன்ஜெக்டர்களையோ குளோ பிளக்குகளையோ, பெட்ரோல் பொறியில் ஸ்பார்க் பிளக்குகளையோ கழற்றி, உருளைகளிலுள்ள நீரை வெளியேற்றிய பின்னரே பொறியைச் சுழற்ற வேண்டும். ஓடும் நீர் சாலையைக் கடக்கிறதெனில், நீர் வடியும்வரை காத்திருப்பதே ஒரே பாதுகாப்பான வழியாகும்.